ஒருவர்கூடக் குறையாத தீவு

தொப்ரிலாவிடம் டிக்கெட் வாங்க வேண்டுமென்றால் எப்பேர்ப்பட்ட ஆளும் குனிந்துதான் ஆக வேண்டும். தீவுப் படகுத்துறையில் இருக்கும் அந்தத் தகரக் கூண்டின் கண்ணாடியில் ஓட்டை போட்டவன் உட்கார்ந்துகொண்டே அளவெடுத்திருப்பான் போல. வருகிறவர்களின் நெற்றியும் மூக்கும்தான் அவளுக்குத் தெரியும். கூச்ச சுபாவம் உள்ளவளுக்கு அதுவே போதும். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, எதிர்க்கரையில் மத்தி மீனுக்குத் தலை கிள்ளப் போனவள் அவள். புருஷன் யெர்கோ செத்ததும் படகுக் கம்பெனி அவன் உட்கார்ந்த நாற்காலியில் அவளை உட்கார வைத்தது. இருபத்தாறு வருடங்கள் ஆகின்றன. மனிதர்கள் குனிவார்கள், போகுமிடம் சொல்வார்கள், நிமிர்ந்து போய்விடுவார்கள். அவள் பேச வேண்டிய அவசியம் இல்லை. பார்க்கலாம்.

பார்த்ததில் அவளுக்கு ஒரு கணக்கு தெரிந்திருந்தது. குளிர்காலத்தில் வெலின்யா தீவில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று அரசாங்கத்துக்குத் தெரியாது. பாதிரியாருக்கும் சரியாகத் தெரியாது. தீவுக் கமிட்டித் தலைவர் பாஷ்கோ தெரிந்துகொள்ள விரும்பவில்லை. தொப்ரிலாவுக்குத் தெரியும். எழுபத்து நான்கு.

காகிதத்தில் நானூற்றுப் பதினெட்டு.

நடுவில் இருக்கும் முந்நூற்றுச் சொச்சம் பேரும் ஓர் அட்டைக்குள் குடியிருந்தார்கள். தீவில் வசிப்பவன் உப்பு வாங்கக்கூடக் கடல் தாண்ட வேண்டியிருக்கிறதே, பாவம் என்று அரசாங்கம் கொடுத்த அட்டை அது. அதைக் காட்டினால் ஆளுக்கும் காருக்கும் கால் பங்குக் கட்டணம்தான். அரசாங்கம் இரக்கப்பட்டு ஒரு கதவைத் திறந்தால் அதில் முதலில் நுழைகிறவன் இரக்கத்துக்குரியவனாக இருப்பதில்லை. தலைநகரத்துப் பல் டாக்டர், என்ஜினீயர், வீட்டுத் தரகர் என்று கோடையில் மூன்று வாரம் கடலில் மிதக்க வருகிறவர்கள் எல்லோரும், தீவில் இருக்கும் அக்காள், சித்தி, மாமியார் வீட்டு முகவரியில் தங்களைப் பதிந்துகொண்டார்கள். தீவுக்காரர்களும் பதிந்து கொடுத்தார்கள். சும்மா இல்லை. ஒருவருக்குக் காருக்கு நான்கு டயர். இன்னொருவருக்கு ஆண்டு முழுவதற்குமான சோப்புத் தூள். பக்கத்து வீட்டுப் பெரினா பதினோரு பேரைப் பதிந்து ஒரு ஏசி வாங்கினாள். இந்தப் பதினோரு பேருக்கும் அவள் வீட்டில் இருப்பது இரண்டு கட்டில்.

இப்படிப்பட்டவர்களுக்கு ஊரில் 'காகித ஆட்கள்' என்று பெயர்.

தொப்ரிலா வீட்டிலும் ஆறு பேர் இருந்தார்கள். யெர்கோவின் தம்பி, தலைநகரத்தில் பல் டாக்டராக இருக்கும் ஃப்ரானே, அவன் பெண்டாட்டி, இரண்டு பிள்ளைகள், பெண்டாட்டியின் அப்பா, அம்மா. ஆறு வருடங்களுக்கு முன்னால் ஒரு நாள் ஃப்ரானேயின் நெற்றி ஓட்டைக்கு எதிரே வந்து நின்றது.

"அண்ணி, ஒரு கையெழுத்துதான். உங்களுக்கு ஒண்ணும் கொறஞ்சு போயிடாது."

அவள் இல்லை என்று சொல்லத் தெரியாதவள். போட்டாள். பதிலுக்கு ஃப்ரானே, தன் வீட்டில் மாற்ற நினைத்திருந்த பழைய வாஷிங் மெஷினைக் கொண்டுவந்து இறக்கினான். அவள் கடைவாய்ப் பல் இரண்டுக்கும் காசு வாங்காமல் உறை போட்டான். ஒரு பல்லுக்கு மூன்று பேர் என்ற கணக்கில் தன் வீட்டைக் குடக்கூலிக்கு விட்டிருக்கிறோம் என்று அவளுக்குப் பிறகுதான் தோன்றியது.

வருடத்துக்கு இரண்டு தடவை, மே மாதமும் நவம்பர் மாதமும், பக்கத்துப் பெரிய தீவிலிருந்து ஸ்ரெச்கோ என்ற போலீஸ்காரர் மதியப் படகில் வருவார். பதிந்தவர்கள் நிஜமாகவே இருக்கிறார்களா என்று வீடுவீடாகப் பார்ப்பது அவர் வேலை. ஆட்களைப் பார்க்க முடியாதல்லவா, 'வேலைக்குப் போயிருக்கிறார்கள்' என்பார்களே. அதனால் அவர் வாசலில் இருக்கும் வீட்டுச் செருப்புகளையும் குளியலறைத் தம்ளரில் இருக்கும் டூத்பிரஷ்களையும் எண்ணுவார். ஊர் முழுக்க அதற்குத் தயாராக இருந்தது. படகில் போலீஸ் தொப்பி தெரிந்தால் தொப்ரிலா கூண்டின் தகரக் கதவைப் பாதி இறக்கிவிட வேண்டும். அதுதான் சைகை. அடுத்த பத்து நிமிடத்தில் ஒவ்வொரு வீட்டிலும் அட்டைப் பெட்டி திறந்து பிரஷ்கள் தம்ளருக்கு வரும், செருப்புகள் வரிசை கட்டும். ஸ்ரெச்கோ எண்ணுவார், எழுதுவார், பாஷ்கோவின் மதுக்கடையில் பொரித்த மீன் சாப்பிட்டுவிட்டு நாலு மணிப் படகில் திரும்புவார்.

ஊர்க்காரர்களின் திருட்டைவிட அவர்களுடைய சோம்பேறித்தனம்தான் தொப்ரிலாவுக்குக் குமட்டியது. ஒரு தடவை, ஸ்ரெச்கோ வந்த நாளில், பெரினா வீட்டுக் குளியலறையில் கை கழுவப் போனாள். பதினோரு பிரஷ்கள் தம்ளரில் பிதுங்கி நின்றன. எல்லாம் எலும்பாகக் காய்ந்து, இரண்டில் கடைக்காரன் ஒட்டிய விலைச்சீட்டுகூட இருந்தது. பொய் சொல்வது என்று ஆகிவிட்டது, ஒரு நிமிடம் குழாயைத் திறந்து நனைத்து வைக்கக் கூடாதா? அதற்கும் வலிக்கிறது.

அவள் மட்டும் யோக்கியமா? அந்த நாட்களில் அவள் வீட்டுத் தம்ளரிலும் ஆறு காய்ந்த பிரஷ்கள் நின்றன. பக்கத்தில் மூன்று ஈர பிரஷ்கள். ஒன்று அவளுடையது. ஒன்று மகள் காத்தியாவுடையது. மிகச் சின்னது பேத்தி நிகாவுடையது.

காத்தியா எதிர்க்கரையில் மீன் டப்பாத் தொழிற்சாலையில் வேலை பார்த்தாள். அம்மா மீன்தலை கிள்ளிய அதே இடம். இப்போது தலையை எந்திரம் கிள்ளுகிறது, காத்தியா டப்பாவில் அடுக்குகிறாள். ஷிஃப்ட் ஆறரைக்கு. வெலின்யாவிலிருந்து காலை அஞ்சரைக்கு ஒரு சின்னப் படகு கிளம்பும். கோடையிலும் குளிரிலும், காற்று அனுமதித்தால், அந்தப் படகு உண்டு. பதினோரு பேர் அதில் போவார்கள். தீவில் ஐம்பது வயதுக்குக் கீழே இருப்பவர்கள் ஏறக்குறைய அவர்கள்தான். புருஷன் ஜெர்மனிக்குப் போய் அங்கேயே வேறு குடும்பமாகிவிட்ட பிறகு, காத்தியா குழந்தையோடு தாய் வீட்டுக்கு வந்தாள். அஞ்சரைப் படகு இருந்ததால்தான் வர முடிந்தது. நாள் முழுக்க நெற்றிகளையும் மூக்குகளையும் பார்த்தவளுக்கு, சாயங்காலம் வீட்டில் இரண்டு முழு முகங்கள் காத்திருந்தன. தொப்ரிலாவின் வாழ்க்கையில் சொல்லிக்கொள்ளும்படியாக இருந்தது அது ஒன்றுதான்.

பிப்ரவரியில் கடிதம் வந்தது. படகுக் கம்பெனி அதைக் கூண்டுக் கண்ணாடியிலேயே ஒட்டச் சொல்லியிருந்தது. தொப்ரிலா தன் கையாலேயே பசை தடவி ஒட்டினாள். ஒட்டி முடித்த பிறகு படித்தாள்.

வெலின்யா வளர்ந்துவிட்டதாம். நலிந்த தீவுகளின் பட்டியலிலிருந்து அதை எடுத்துவிட்டார்களாம். மக்கள்தொகை ஆறு வருடத்தில் இத்தனை மடங்கு, சராசரி வருமானம் இத்தனை மடங்கு என்று எண்கள் இருந்தன. பல் டாக்டர்களையும் என்ஜினீயர்களையும் எழுபத்து நான்கு ஏழைகளோடு கூட்டி வகுத்தால் சராசரி ஏறாமல் என்ன செய்யும்? மீன் அடுக்குகிறவளும் ஆடு மேய்க்கிறவனும் காகிதத்தில் பணக்காரர்களாகிவிட்டார்கள். எனவே இனி மதியப் படகும் நாலு மணிப் படகும் போக, அரசாங்க உதவி இன்னும் ஒரு படகுக்குத்தான். அக்டோபர் முதல் காலை அஞ்சரைப் படகு தொடர வேண்டுமா, அல்லது அந்தப் பணத்தில் கோடையில் வெள்ளி, ஞாயிறுகளில் இன்னொரு கார்ப் படகு விட வேண்டுமா? தீவில் பதிந்திருக்கும் குடிமக்களே மே மாதம் வாக்களித்து முடிவு செய்யட்டும்.

பதிந்திருக்கும் குடிமக்கள். தொப்ரிலா அந்தச் சொற்களை இரண்டு தடவை படித்தாள்.

மே மாதத் தொடக்கத்தில் பாஷ்கோவின் மதுக்கடையில் கூட்டம் நடந்தது. பாஷ்கோதான் தலைவர், பாஷ்கோதான் கடைக்காரர். கடை மாடியில் பத்தொன்பது பேரைக் குடிவைத்திருப்பவரும் அவர்தான். தலைக்கு இவ்வளவு என்று தீவுக்கு வரும் நிதியில் அவர் துறையில் ஒரு கொடிக்கம்பம் நட்டு, 'மக்கள்தொகை உயரும் தீவு' என்று ஒரு பலகையும் வைத்திருந்தார். பலகை அவர் கடைக்கு எதிரே இருந்தது.

"நான் நடுநிலைங்க," என்றார் பாஷ்கோ. "தலைவர்னா அப்பிடித்தானே இருக்கணும்."

"கோடைல கார்ப் படகு வந்தா கார்லருந்து எறங்குறவன் எங்க வந்து குடிப்பான் நடுநிலையாரே?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார். சிரிப்பு எழுந்தது.

காத்தியா எழுந்தாள். அம்மாவின் கூச்சத்தில் ஒரு துளிகூட அவளுக்கு இல்லை.

"இதுல நடுநிலைக்கு என்ன இருக்கு? நாங்க பதினோரு பேர் அந்தப் படகுல போறோம். படகு நின்னா நாங்க போயிடுவோம். நாங்க போனா பள்ளிக்கூடத்துல இருக்கற அஞ்சு புள்ளைங்களும் போயிடும். அப்பறம் இங்க யார் இருப்பா? கொடிக்கம்பமா?"

"சரி, எல்லாரும் காலைப் படகுக்கே ஓட்டு போட்டுடலாம்," என்றார் ஒரு கிழவர்.

"நாம எல்லாரும் போட்டாலும் எழுவது," என்றாள் காத்தியா. "காகித ஆளுங்க முந்நூறு. அவங்க எதுக்குப் போடுவாங்கன்னு தெரியாதா? சொந்தக் காசுல சூனியம் வெச்சுக்கிட்டோம். அவங்கவங்க வீட்டு ஆளை அவங்கவங்களே பட்டியல்லருந்து எடுத்தாத்தான் உண்டு. ஓட்டுக்கு முன்னாடி பட்டியலைச் சரிபாக்க வியாழக்கிழமை ஸ்ரெச்கோ வர்றாரு. யாரும் பிரஷ்ஷை எடுத்து வெக்காதீங்க. 'இவங்க இங்க இல்ல'ன்னு சொல்லிடுங்க. அவ்வளவுதான்."

பெரினா இருமினாள்.

"எம் மருமகன் போன வருஷந்தான் ஏசி மாட்டிக் குடுத்தான். இப்ப அவன் பேரை அடிச்சா கழட்டிக்கிட்டுப் போயிடுவான்."

"போவட்டுமே. கடல் காத்து வருதில்ல?"

"உங்க வீட்டுக்குக் கடல் காத்து. எங்க வீட்டுக்கு பாஷ்கோவோட கக்கூஸ் காத்து."

மறுபடி சிரிப்பு. பாஷ்கோவும் சிரித்து, எல்லோருக்கும் ஒரு சுற்று ஒயின் ஊற்றினார். வியாழக்கிழமை எல்லோரும் உண்மை சொல்வது என்று கைதூக்கி முடிவானது. தொப்ரிலா மூலையில் நின்று தூக்கிய கைகளைப் பார்த்தாள். எல்லாக் கைகளும் உயர்ந்திருந்தன. எல்லாக் கண்களும் பக்கத்துக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தன.

வியாழக்கிழமை மதியப் படகில் தொப்பி தெரிந்தது. தொப்ரிலா தகரக் கதவை இறக்கவில்லை. ஸ்ரெச்கோ கூண்டருகே வந்து குனிந்தார்.

"என்னக்கா, கதவு முழுசா தெறந்திருக்கு? உடம்பு சரியில்லையா?"

சைகை அவருக்கும் தெரிந்தே இருந்திருக்கிறது. தொப்ரிலாவுக்கு முகம் சிவந்தது.

"எங்க வீட்டுலருந்து ஆரம்பிங்க," என்றாள்.

வீட்டில் தம்ளரில் மூன்று பிரஷ்கள். ஸ்ரெச்கோ பட்டியலைப் பார்த்தார், தம்ளரைப் பார்த்தார், மறுபடி பட்டியலைப் பார்த்தார்.

"இந்த ஆறு பேரும்?"

"இங்க இல்ல."

"வெளிய போயிருக்காங்களா?"

"இங்க இருந்ததே இல்ல. ஆகஸ்ட்ல வருவாங்க. மூணு வாரம் இருப்பாங்க. ஃப்ரிஜ்ஜைக் காலி பண்ணிட்டுப் போவாங்க."

ஸ்ரெச்கோ தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"அக்கா, உங்களுக்கு யார் மேல கோவம்? எங்கிட்ட சொல்லுங்க. பேரை அடிக்கறதுன்னா ஆளுக்கு ரெண்டு படிவம். நான் கொண்டு வந்ததே நாலு."

"எங்க வீட்டுக்கே பத்தாதே. இன்னிக்கு ஊரே இதத்தான் சொல்லப் போவுது."

அவர் அவளை ஒரு மாதிரி பார்த்தார். பதினோரு வருடமாக இந்தத் தீவில் பிரஷ் எண்ணுகிற மனிதர் அவர். இருந்த படிவங்களின் பின்பக்கத்தில் கோடு போட்டு எழுத ஆரம்பித்தார்.

நாலு மணிக்கு அவர் நெற்றி மறுபடி ஓட்டைக்கு வந்தது. மீன் வாசனையும் வந்தது.

"எத்தனை பேரை அடிச்சீங்க?"

"ஆறு."

"எங்க வீட்டு ஆறு போக?"

"உங்க வீட்டு ஆறுதான்."

தொப்ரிலா டிக்கெட் கட்டைப் பிடித்தபடியே இருந்தாள்.

"பெரினா வீட்டுல?"

"பதினோரு பிரஷ், பதினோரு ஜோடி செருப்பு. பாஷ்கோ மாடில பத்தொம்பது. அதுல எங் கொழுந்தியா பிரஷ்ஷும் ஒண்ணு. எங்கிட்டயே எதுக்குக் கேக்கறீங்க."

"அதெல்லாம் நனைஞ்சிருந்துதா?"

"நான் எண்ண வந்தவன்க்கா. தொட்டுப் பாக்க வந்தவன் இல்ல."

அன்று சாயங்காலம் பெரினா மொட்டைமாடியில் செருப்புகளைத் திரும்ப அட்டைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். தொப்ரிலா கீழே படியில் நின்றாள். அவள் யாரையும் போய்க் கேள்வி கேட்டவள் இல்லை. அன்றைக்குக் கேட்டாள்.

"கை தூக்கினியே பெரினா."

பெரினாவுக்கு வெட்கமே இல்லை. "இங்க பாரு தொப்ரிலா. எல்லாரும் அடிச்சுட்டா, என் பதினோரு பேர் மட்டும் இருந்து என்ன கெட்டுடப் போவுது? படகு நிக்காது. யாரும் அடிக்கலைன்னா, நான் மட்டும் அடிச்சு என்ன ஆவப் போவுது? படகு எப்பிடியும் போயிடும், ஏசியும் போயிடும். ரெண்டு பக்கமும் யோசிச்சுத்தான் வெச்சேன்."

பெரினா சொன்னதில் ஓட்டை எதுவும் இல்லை. அதுதான் அருவருப்பாக இருந்தது. முப்பத்தைந்து வீடுகளிலும் முப்பத்தைந்து பேர் உட்கார்ந்து இரண்டு பக்கமும் யோசித்திருக்கிறார்கள். ஒவ்வொருவனும் தன் வீட்டளவில் புத்திசாலி. அத்தனை புத்திசாலிகளும் சேர்ந்தால் கிடைப்பது ஒரு முட்டாள் ஊர். ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு கையெழுத்துதானே என்று போட்டவளும் அதில் சேர்த்திதான் என்பது நினைவுக்கு வந்ததும் அவள் வீட்டுக்குள் போய்விட்டாள்.

வாக்குப்பதிவு ஞாயிற்றுக்கிழமை நடந்தது. காகித ஆட்கள் வெள்ளி மாலையே கால் பங்குக் கட்டணத்தில் வந்து இறங்கினார்கள். ஓட்டு போட வருவதற்கும் அட்டை உதவியது. வெயிலும் நன்றாக இருந்தது. சிலர் நீச்சல் உடையின்மேல் சட்டையைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடத்தில் வரிசையில் நின்றார்கள். தொப்ரிலாவுக்கு முன்னால் நின்ற ஒருவர், "தீவுல எங்களுக்குன்னு ஒரு வசதியும் செய்ய மாட்டேங்கறாங்க" என்று தன் மனைவியிடம் அலுத்துக்கொண்டார். அவருக்குப் பள்ளிக்கூடத்துக்கு வழி தெரியாமல் நிகாதான் காட்டியிருந்தாள்.

காலைப் படகுக்கு ஐம்பத்தேழு. கார்ப் படகுக்கு இருநூற்று ஆறு.

தொப்ரிலாவின் கண் இருநூற்று ஆறில் நிற்கவில்லை, ஐம்பத்தேழில் நின்றது. தீவில் நிஜமாக வசிக்கும் ஓட்டு அறுபத்தேழு. பத்து பேர் தங்கள் வீட்டு மாடியைக் கோடையில் வாடகைக்கு விடும் கணக்கில், பக்கத்து வீட்டுப் பெண்ணின் படகைத் தாங்களே வெட்டியிருக்கிறார்கள். யார் அந்தப் பத்து பேர் என்று அவள் யோசிக்கவில்லை. அடுத்த வாரம் முழுக்க எந்த நெற்றிகள் வழக்கத்தைவிட அதிகமாகக் குனிகின்றன என்று பார்த்தாள். ஒன்பதைக் கண்டுபிடித்தாள்.

ஆகஸ்டில் ஃப்ரானே வந்தான். எதிர்க்கரையிலேயே அட்டை செல்லாது என்று சொல்லி முழுக் கட்டணம் வாங்கியிருக்கிறார்கள். கார்ப் படகிலிருந்து இறங்கியதும் வண்டியை நடுத்துறையில் நிறுத்திவிட்டு நேராகக் கூண்டுக்கு வந்தான். பின்னால் ஹாரன் அடித்தார்கள்.

"அண்ணி, அட்டை வேலை செய்யல."

"அட்டை வேலை செய்யுது. நீங்கதான் தீவுல இல்ல."

"என்னது?"

"பேரை எடுத்தாச்சு."

"யாரு எடுத்தது?"

"நான்."

ஃப்ரானே இன்னும் குனிந்தான். முதல் தடவையாக அவன் கண்கள் ஓட்டைக்கு நேராக வந்தன. "அண்ணி, நாம ஒரே குடும்பம் இல்லையா? எங்கண்ணன் இருந்திருந்தா..."

"உங்கண்ணன் இருந்திருந்தா இந்தக் கூண்டுல அவரு உக்காந்திருப்பாரு. நான் வீட்டுல இருந்திருப்பேன். மே மாசம் எந்தப் படகுக்கு ஓட்டு போட வந்தீங்க?"

"எந்தப் படகுக்கா? அன்னிக்குப் பள்ளிக்கூடத்துல போய் நின்னா, பட்டியல்ல எங்க பேரே இல்ல. யாரோ தப்பா எழுதிட்டாங்கன்னு நெனச்சேன்."

"இருந்திருந்தா எதுக்குப் போட்டிருப்பீங்க?"

அவன் திரும்பித் தன் வண்டியைப் பார்த்தான். பின்னால் யாரோ கெட்ட வார்த்தை சொன்னார்கள்.

"அந்த வாஷிங் மெஷின்..." என்று ஆரம்பித்தான்.

"பிப்ரவரிலயே செத்துப்போச்சு. எடுத்துக்கிட்டுப் போங்க. சுமைக்குத் தனிக் கட்டணம். சேத்து டிக்கெட் போடவா?"

அந்த வருடத்தில் அவளுக்குக் கிடைத்த இன்பம் அது ஒன்றே. அதை மறுநாளும் நினைத்துப் பார்த்தாள். அதற்கு மறுநாள் அதில் ருசி இல்லை.

செப்டம்பர் கடைசியில் ஒரு சாயங்காலம், உருளைக்கிழங்கும் கீரையும் வெந்த சட்டியிலிருந்து ஆவி எழுந்துகொண்டிருக்க, காத்தியா ஆலிவ் எண்ணெய் பாட்டிலைக் கையில் வைத்தபடியே சொன்னாள்.

"ரூம் பாத்துட்டேம்மா. தொழிற்சாலைக்குப் பக்கத்துல. ஒரு ஜன்னல்தான். கடல் தெரியாது."

"கடலை என்ன பண்ண."

"நிகாவோட பள்ளிக்கூடமும் அங்கயே."

"ம்."

"நீங்களும் வந்துடுங்களேன்."

"கூண்டை யாரு பாக்கறது?"

இருவருக்குமே அது பதில் இல்லை என்று தெரியும். காத்தியா எண்ணெயை ஊற்றினாள். பிறகு தட்டைப் பார்த்துக்கொண்டே பேசினாள். கூட்டத்தில் எழுந்து நின்று பேசிய குரல் இல்லை அது.

"அம்மா, எங்க பேரை மட்டும் எடுத்துடாதீங்க. இங்கயே இருக்கட்டும். அட்டை இருந்தா வாராவாரம் வந்துடுவோம். இல்லைன்னா கட்டுப்படியாகாதும்மா."

தொப்ரிலா தலையை நிமிர்த்தினாள். எதிரே உட்கார்ந்திருப்பது தன் மகளா, ஆறு வருடத்துக்கு முன்னால் ஓட்டைக்கு எதிரே குனிந்த நெற்றியா என்று ஒரு கணம் குழம்பியது. ஒரு கையெழுத்துகூடத் தேவையில்லை இம்முறை. சும்மா இருந்தால் போதும்.

"சாப்பிடு," என்றாள். "ஆறிப்போவுது."

அக்டோபர் ஒன்றாம் தேதி காலை அஞ்சரைக்குத் துறையில் படகு இல்லை. பழக்கதோஷத்தில் தொப்ரிலா கூண்டைத் திறந்து வைத்துக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருந்தாள். பதினோரு பேரில் ஒன்பது பேர் அதற்குள் போய்விட்டார்கள். பள்ளிக்கூடத்தை மூடி ஆசிரியையையும் வேறு ஊருக்கு அனுப்பினார்கள். குளிர் வந்தபோது தொப்ரிலாவின் கணக்கில் தீவில் ஐம்பத்திரண்டு பேர்.

காகிதத்தில் நானூற்றுப் பன்னிரண்டு. போனவர்களில் ஒருவர்கூடப் பெயரை எடுக்கவில்லை. எல்லோருக்கும் அம்மாவோ மாமியாரோ தீவில் இருந்தார்கள். எல்லோருக்கும் அட்டை வேண்டியிருந்தது. பாஷ்கோ பலகையின் எழுத்துகளுக்குப் புது வெள்ளை அடித்துக்கொண்டே கூண்டுப் பக்கம் திரும்பிக் கத்தினார்.

"பாத்தியா தொப்ரிலா? பள்ளிக்கூடம் போச்சு, படகு போச்சுன்னு அழுதீங்களே. ஒருத்தர்கூடக் கொறையல. பட்டியலைப் பாரு."

"ஏணியைப் பாத்து எறங்குங்க," என்றாள் அவள்.

காத்தியாவும் நிகாவும் முதல் இரண்டு சனிக்கிழமை வந்தார்கள். மூன்றாவது சனிக்கிழமை தென்காற்று வீசிப் படகு ஓடவில்லை. நான்காவது வாரம் நிகாவுக்குப் புதுப் பள்ளிக்கூடத்தில் யாருக்கோ பிறந்தநாள். டிக்கெட் விற்கிறவளுக்கு இந்த வரிசை தெரியும். முதலில் வாராவாரம், பிறகு மாதம் ஒரு தடவை, அப்புறம் பண்டிகைக்கு, அப்புறம் ஆகஸ்டில் மூன்று வாரம்.

நவம்பர் பன்னிரண்டாம் தேதி, மதியப் படகில் தொப்பி தெரிந்தது.

அவள் கை தானாக எழுந்து தகரக் கதவைப் பாதி இறக்கியது. மேலே தெருக்களில் ஜன்னல்கள் சாத்தப்படும் சத்தமும் அட்டைப் பெட்டிகள் இழுபடும் சத்தமும் கேட்டன. கூண்டைப் பூட்டிக்கொண்டு பின்பக்கப் படிகளில் ஏறினாள். அறுபத்தொரு வயதில் அவ்வளவு வேகமாக அவள் ஏறியதில்லை.

குளியலறையில் தம்ளரில் மூன்று பிரஷ்கள் இருந்தன. அவளுடையது ஈரம். மற்ற இரண்டும் ஒரு மாதமாகக் காய்ந்து நார் விறைத்து நின்றன. சின்னதில் பற்பசை வெள்ளையாகப் படிந்திருந்தது. குழாயைத் திறந்து முதலில் பெரியதை நனைத்தாள். பிறகு சின்னதைக் கட்டை விரலால் தேய்த்து, படிந்ததைக் கழுவி, நன்றாக நனைத்து, தண்ணீர் சொட்டச் சொட்டத் தம்ளரில் வைத்தாள். நிகாவின் செருப்பை வாசலில் கொஞ்சம் கோணலாகப் போட்டாள். குழந்தைகள் அப்படித்தான் கழற்றிப் போடும்.

ஸ்ரெச்கோ வந்தார். தம்ளரைப் பார்த்தார். பதினோரு வருடத்தில் முதல் தடவையாகக் கையை நீட்டி, சின்ன பிரஷ்ஷை ஒரு விரலால் தொட்டார். விரலைப் பார்த்தார். பிறகு அவள் முகத்தைப் பார்த்தார். அவர் எதிர்க்கரைக்கும் போய் வருகிறவர். தொழிற்சாலை வாசலில் யாரைப் பார்த்திருப்பார் என்று அவள் கேட்கவில்லை.

"எத்தனை பேர்னு எழுதட்டும்க்கா?"

தண்ணீர் தம்ளரின் அடியில் ஒரு சொட்டு விழுந்தது.

"மூணு பேர்," என்றாள் தொப்ரிலா.